மஞ்சள் அறை நாற்காலி

"இத்தனை நாற்காலி இருக்கே, எங்கப்பா உட்கார ஒண்ணுகூட இல்லையா?"

பெரில் இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. ஐம்பத்தெட்டாம் வருஷம், பெந்தெகொஸ்தே விடுமுறைத் திங்கட்கிழமை. சுரங்கத்து ஊர்ச் சிற்றாலயத்திலிருந்து பஸ் வைத்து மெல்வுட் மாளிகையைப் பார்க்க வந்திருந்தார்கள். போதகரும் மற்றவர்களும் புத்தக அறைக்குப் போய்விட்டார்கள். மஞ்சள் அறையில் நின்றது மூன்றே பேர்: பெரில், அவள் அப்பா வில்ஃப், கறுப்பு உடுப்பும் வெள்ளை ஏப்ரனும் போட்ட ஒரு பணிப்பெண்.

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டு மணி நேரத்துக்கு முன்னால் பூமிக்கு அடியில் இறங்கியவர், காலையில்தான் மேலே வந்திருந்தார். அன்றைக்கென்று சுரங்கக் குளியலறையின் கொதிகலன் பழுது. முகத்தையும் கையையும் குழாயடியில் கழுவிக்கொண்டு, வேலைக் கால்சட்டைக்கு மேலேயே ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடிவந்து பஸ் ஏறினார். "வரேன்னு சொன்னா வரணும்ல" என்றார் மகளிடம். மாளிகையின் படிகள் நாற்பத்திரண்டு. பதினைந்து வருஷக் கரித்தூசி நெஞ்சில் கிடக்கிறவருக்கு அது மலை. மூச்சு சீழ்க்கை அடித்தது.

அறையில் பன்னிரண்டு நாற்காலிகள். எலுமிச்சை நிறப் பட்டு. ஒவ்வொன்றின் மீதும் காய்ந்த முட்பூ ஒன்று இருந்தது. வயல் வரப்பில் ஆளுயரம் வளருமே, முட்டை அளவில் முள்ளடர்ந்த தலையோடு, அதுதான். உட்காராதே என்று வாயால் சொல்ல வேண்டியதில்லை.

பணிப்பெண் குழந்தையைப் பார்த்தாள். அப்பாவின் உதட்டைப் பார்த்தாள். அது நீலம் பாரித்திருந்தது. கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்து, சன்னலோர நாற்காலியின் முட்பூவை எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

"உட்காருங்க ஐயா."

அந்த வீட்டில் ஒரு சுரங்கத் தொழிலாளியை யாரும் ஐயா என்று கூப்பிட்டதில்லை. வில்ஃப் தயங்கினார்.

"வேணாம்மா. கால்சட்டை..."

"உட்காருங்கன்னேன். நான் ஒண்ணும் பார்க்கலை." அவள் கதவருகே போய், அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

ஐந்து நிமிஷம் இருக்கும். அப்பாவின் உதட்டில் நிறம் திரும்பியது. எழுந்தபோது பட்டில் ஒரு உள்ளங்கை அளவுக்குக் கரி நிழலாகப் படிந்திருந்தது. கைக்குட்டையால் துடைக்கப் போனார். பணிப்பெண் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"தேய்க்காதீங்க, இன்னும் உள்ள இறங்கிடும். பாப்பாவைக் கூட்டிட்டுப் போங்க. போங்கன்னு சொல்றேன்ல."

பஸ்ஸில் அப்பா மகளின் காதோடு சொன்னார்: "இதை யார்கிட்டயும் சொல்லக் கூடாது, கண்ணு. சொன்னா அந்தப் பொண்ணு வேலை போயிடும்." அதற்குப் பிறகு அவர் ஆறு வருஷந்தான் இருந்தார். பெரில் யாரிடமும் சொல்லவில்லை.

*

சொல்லாமலே அறுபத்தாறு வருஷம் ஓடிவிட்டது. பெரில் ஷெஃபீல்டில் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினாள். அங்கேயே கட்டிக்கொண்டாள், அங்கேயே கணவரை அடக்கம் செய்தாள், பிறகு பிறந்த ஊருக்குத் திரும்பினாள். மெல்வுட் இப்போது பிரபுவின் வீடு இல்லை. ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில், வருஷத்துக்கு எட்டு மாதம் திறந்திருக்கும். சம்பளமில்லாத வழிகாட்டிகள் வேண்டும் என்று சிற்றாலயக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். பெரில் அன்றே போய்ப் பெயர் கொடுத்தாள். எந்த அறை வேண்டும் என்றார்கள். மஞ்சள் அறை என்றாள். ஏன் என்று கேட்கவில்லை.

பன்னிரண்டு வருஷமாக அது அவள் அறை. காலையில் திரைச்சீலையை எந்த அளவுக்கு இறக்கினால் பட்டுக்கு வெயில் படாது, பார்க்க வருகிறவர் கண்ணுக்கும் குறை தெரியாது என்பது அவள் கைக்கே தெரியும். பேனாவோடு வருகிறவர்களிடம் சிரித்துக்கொண்டே பென்சிலை நீட்டுவாள். பேனா மை ஒரு சொட்டு விழுந்தால் போச்சு, பென்சில் என்றால் பாவமன்னிப்பு உண்டு என்பாள். மேற்கூரையில் வெண்சுதையால் செய்த திராட்சைக் கொடியில் எத்தனை குலை என்று பிள்ளைகளை எண்ணவிடுவாள். சரியாக எண்ணிய பிள்ளை ஒன்றுகூட இல்லை. முப்பத்தேழு.

மக்கள் கேட்பதெல்லாம் மூன்று கேள்விதான். கழிப்பறை எங்கே? இங்கே பேய் உண்டா? இவ்வளவையும் யார் தூசி தட்டுகிறார்கள்? மூன்றாவதைக் கேட்கிறவர்களை மட்டும் அவளுக்குப் பிடிக்கும். "நாங்கதான். திங்கட்கிழமை திங்கட்கிழமை. குதிரைக்குட்டி மயிர் தூரிகையால" என்று தலையை நிமிர்த்திச் சொல்வாள்.

முட்பூ விஷயத்தில் அவள் கண்டிப்பு ஊருக்கே தெரியும். ஒருமுறை நகர மேயரே களைப்பாக ஒரு நாற்காலியில் கை வைத்தபோது, "ஐயா, அது இருநூற்று அறுபது வயசானவங்க, மேல சாயாதீங்க" என்றாள். அடுத்த அறையான புத்தக அறையின் வழிகாட்டி டெஸ்மண்ட் ஃப்ரித், ஓய்வுபெற்ற தபால்காரர், அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருஷம் சிரித்தார்.

"பெரிலம்மா இருக்கிற இடத்துல முள்ளு எதுக்கு? ரெண்டும் ஒண்ணுதானே."

"உன் அறையில போனவாரம் ஒருத்தர் தூங்கிட்டாராமே டெஸ்மண்ட். நீ பேச ஆரம்பிச்சதும்."

"தூங்கலை. கண்ணை மூடி ரசிச்சார்."

சன்னலோர நாற்காலியின் கறையைப் பற்றி யாராவது கேட்டால் பெரில் ஒரே பதில் வைத்திருந்தாள்: "யாரோ ரொம்பக் களைச்சுப் போனவங்க உட்கார்ந்திருப்பாங்க." அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. மெல்வுட்டின் வழிகாட்டிகளுக்கு முதல் நாளே சொல்லித்தருகிற விதி ஒன்று உண்டு. தெரிந்ததைச் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல். அந்த விதிக்கு நடுவே ஒரு விரல் அகலச் சந்தில் பன்னிரண்டு வருஷமாக அவள் நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பணிப்பெண்ணின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. ராத்திரி ஜெபத்தில் மட்டும் "அந்த ஏப்ரன் போட்ட பொண்ணு" என்று சொல்லுவாள். கடவுளுக்கு ஆள் யாரென்று தெரியாமலா இருக்கும்.

*

ஜூன் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை, வழிகாட்டிகளின் தேநீர் அறைக்குள் ஃப்ரேயா லாங்டன் துள்ளிக்கொண்டு வந்தாள். மாளிகைப் பொருள்களுக்குப் பொறுப்பான பெண், முப்பது வயதுகூட இருக்காது. வேலையில் கெட்டி. மனசில் கள்ளம் இல்லாதவள்.

"பெரில், உங்க கறைக்கு ஆள் கிடைச்சாச்சு! பழைய வீட்டு நிர்வாகக் குறிப்பேடு மச்சுல ஒரு பெட்டியில இருந்துச்சு. கேளுங்க." அவள் படித்தாள். "'மே இருபத்தாறு. மஞ்சள் அறை நாற்காலி ஒன்று கெட்டது. கரித்தொட்டியை அதன் மேல் வைத்ததாகப் பணிப்பெண் ஆனிஸ் பெல் ஒப்புக்கொண்டாள். இனி அவள் பெரிய அறைகளுக்குள் வரக் கூடாது. சலவைக்கட்டுக்கு மாற்றம்.'"

டெஸ்மண்ட் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கியபடி, "பட்டு நாற்காலி மேல கரித்தொட்டியா? அடப்பாவமே" என்றார்.

பெரில் கோப்பையைத் தட்டில் வைத்தாள். ஆனிஸ் பெல். அறுபத்தாறு வருஷத்துக்குப் பிறகு பெயர் வந்தது. வந்ததே ஒரு பழியைத் தூக்கிக்கொண்டு வந்தது.

அன்றைக்கே அவள் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு என்று மனசுக்குச் சமாதானம் சொன்னாள். ஆனால் ராத்திரி மண்டியிட்டபோது அது வாக்கு இல்லை என்று தெரிந்துபோயிற்று. அந்த வாக்கு அந்தப் பெண்ணின் வேலையைக் காப்பாற்றத்தானே? அந்த வேலைதான் என்றைக்கோ போய்விட்டதே. இப்போது வாயை அடைத்தது வேறு. மேயரையே நிமிர்த்திவிட்ட பெரிலின் அப்பாதான் அந்த நாற்காலியைக் கெடுத்தவர் என்று ஊர் சொல்லும். பன்னிரண்டு வருஷமாகத் தெரிந்தும் சொல்லாதவள் எப்படி வழிகாட்டி என்று கேட்கும். சட்டையில் குத்தியிருக்கிற அந்தச் சின்னப் பெயர்ப்பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

இரண்டு வாரத்தில் பிள்ளைகளுக்கான புதிய வழித்தாள் அச்சாகி வந்தது. அறைக்கு ஒரு படம், படத்துக்கு ஒரு புதிர். மஞ்சள் அறைக்கான படத்தில், கண் மாறுகண்ணாக, தொப்பி கோணலாக ஒரு பணிப்பெண் கரித்தொட்டியோடு தடுக்கி விழுந்துகொண்டிருந்தாள். "தத்தக்கா பித்தக்கா பெல் எந்த நாற்காலியைக் கெடுத்தாள்? கண்டுபிடி!"

ஃப்ரேயா அதைக் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒவ்வொரு சிரிப்பும் பெரிலின் முதுகில் விழுந்தது. நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது முறை.

*

ஜூன் கடைசி ஞாயிறு. வெளியே மழை. மழை என்றால் தோட்டத்துக் கூட்டமெல்லாம் வீட்டுக்குள் வரும். மஞ்சள் அறையில் முப்பது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். ஒரு சிறுமி வழித்தாளோடு நாற்காலி நாற்காலியாகக் குனிந்து பார்த்து, சன்னலோரம் வந்ததும் கூவினாள்.

"கண்டுபிடிச்சிட்டேன்! இதுதான் அந்த லூசு அக்கா கெடுத்தது!"

அவளுடைய அப்பா சிரித்தார். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். சிறுமி பெரிலைப் பார்த்து, "ஏன் பாட்டி, அந்த அக்காவுக்கு மூளையே கிடையாதா?" என்றாள்.

பெரில் பஸ் ஓட்டிய காலத்தில் ஒரு பழக்கம் உண்டு. பிரேக் பிடிக்க வேண்டிய இடம் வந்தால் யோசிக்க மாட்டாள். கால் போய்விடும்.

"இல்லை, கண்ணு. மூளையும் இருந்துச்சு, அதைவிடப் பெரிய மனசும் இருந்துச்சு. அந்த அக்கா இந்த நாற்காலியைக் கெடுக்கவே இல்லை. அது எங்கப்பா."

பெரில் நாற்காலியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்கப்பா பேரு வில்ஃப் ஆலட். இந்த வீட்டுக்குக் கீழேயே போற சுரங்கத்துல கரி வெட்டினவர். ராத்திரி முழுக்க வெட்டிட்டு, எனக்குக் கொடுத்த வாக்குக்காகக் குளிக்காமகூட இங்க வந்தார். மேல பாருங்க, அந்தத் திராட்சைக் கொடி. இந்தப் பட்டு. அந்தக் கண்ணாடி. எல்லாம் கரி வித்த காசு. வெட்டினவங்க யாரும் இங்க உட்கார்ந்ததில்லை. எங்கப்பா ஒருத்தர் உட்கார்ந்தார், அஞ்சு நிமிஷம். மூச்சு முட்டுதுன்னு பார்த்து உட்கார வச்சவங்க அந்த ஆனிஸ் பெல். பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டவங்களும் அவங்கதான். அது கறை இல்லை. எங்கப்பா கையெழுத்து."

இதைச் சொல்லும்போது தன் குரல் நடுங்கும் என்று எதிர்பார்த்தாள். நடுங்கவில்லை. வெட்கம் வரும் என்று பயந்துகொண்டிருந்த இடத்தில் வேறு ஏதோ வந்து, முதுகெலும்பை நிமிர்த்திக்கொண்டு நின்றது. பன்னிரண்டு வருஷமாக இந்த அறையைக் காட்டிக்காட்டி அவள் பட்ட பெருமையெல்லாம் அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்லிப் பட்ட பெருமை மாதிரி. இது சொந்தப் பெருமை.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு முதியவர் தொப்பியைக் கழற்றினார். "எங்கப்பாவும் அதே சுரங்கம்தாம்மா" என்றார். நாற்காலியைத் தொடாமல், அதன் எதிரே சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார். சிறுமி தன் தாளில் இருந்த மாறுகண் பணிப்பெண்ணைப் பென்சில் முனை ரப்பரால் வெகு அக்கறையாக அழிக்கப் பார்த்து, அழியாததால் அவள் தலையில் ஒரு கிரீடம் வரைந்தாள்.

சாயங்காலம் கதவு சாத்தியதும் பெரில் பெயர்ப்பட்டையைக் கழற்றி ஃப்ரேயாவின் மேசையில் வைத்தாள்.

"தெரிஞ்சும் சொல்லாம இருந்தேன், ஃப்ரேயா. பன்னிரண்டு வருஷம்."

ஃப்ரேயா எல்லாவற்றையும் டெஸ்மண்ட் மூலம் ஏற்கெனவே கேட்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. "நான் ஒரு மனுஷியைக் கேலிச்சித்திரம் ஆக்கினேன். ஒரே ஒரு வரியைப் படிச்சிட்டு. நான் எதைக் கழற்றி வைக்கிறது, சொல்லுங்க?" பட்டையை எடுத்துத் திரும்ப பெரிலின் கையில் திணித்தாள். "மாட்டுங்க. தாளை எல்லாம் நாளைக்கே எடுத்துடறேன். நடந்ததை நீங்க எழுதித் தாங்க, நாற்காலியோட விவர அட்டையில சேர்க்கணும். குளிர்காலத்துல அந்த நாற்காலிக்கு மெத்தைக்கு அடியில தாங்குற வாரை மாத்துவாங்க. பட்டுத் துணியையும் மாத்தச் சொல்லியிருந்தேன். இனிமே துணியை மாத்த மாட்டோம். அந்தக் கறை இருக்கட்டும்."

"அந்தம்மா இருந்து பார்த்திருக்கலாம்" என்றாள் பெரில்.

கதவில் சாய்ந்து நின்ற டெஸ்மண்ட் தொண்டையைச் செருமினார். "ஆனிஸ் பெல்லா? அவங்க செத்துட்டாங்கன்னு யார் சொன்னது? இருபது வருஷம் நான்தானே தபால் கொடுத்தேன். இப்போ ஹாலிவெல் முதியோர் விடுதியில இருக்காங்க. வீட்டு வாசல்ல ஒரு நாள் உறையைக் கசக்கிக் கொடுத்துட்டேன்னு என்னை நிக்கவச்சு அதை நீவச் சொன்னாங்க. மறக்க முடியுமா?"

"அதை ஏன்யா முன்னாடியே சொல்லலை?"

"நீ ஏன் முன்னாடியே சொல்லலை?"

டெஸ்மண்டிடம் பெரில் தோற்றது அந்த ஒரு முறைதான்.

*

தொண்ணூறு வயது ஆனிஸ் பெல், சன்னலோரம், முதுகு நாற்காலியைத் தொடாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் நான்காக மடித்த கைக்குட்டை, அளவெடுத்து மடித்த மாதிரி இருந்தது. பெரில் கொண்டுபோன எலுமிச்சைக் கேக்கை வாங்கி ஓரமாக வைத்தாள். கதை முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"ஏழு வயசுல பல்லு விழுந்து ஓட்டையா இருந்துச்சு உனக்கு" என்றாள் கடைசியில். "உங்கப்பன் எழுந்திருச்சப்போ நாற்காலி 'அம்மாடி'ன்னுச்சு. எனக்குக் கேட்டுச்சு."

"நீங்க ஏம்மா அப்படிச் சொன்னீங்க? கரித்தொட்டின்னு?"

"வேற என்ன சொல்றது? அந்த வருஷந்தான் முதல் முதலா ஊர்ச்சனத்தை உள்ள விட்டாங்க. பிரபுவோட சம்சாரத்துக்குப் பிடிக்கவே இல்லை. 'சுரங்கத்துக்காரங்க வந்தா அழுக்காக்கிடுவாங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. உங்கப்பன்னு சொல்லியிருந்தேன்னு வை, அடுத்த வருஷம் கதவைத் திறந்திருக்கவே மாட்டாங்க. ஒரு பணிப்பொண்ணு பண்ணின தப்புன்னா ஒரு பணிப்பொண்ணோட போச்சு."

அவள் இதை விடுதிச் சாப்பாட்டில் உப்புக் குறைவு என்று சொல்வது போலச் சொன்னாள். பிறகு கைக்குட்டையின் ஓரத்தை நீவினாள். அப்போதுதான் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"சலவைக்கட்டு ஒண்ணும் கெட்ட இடம் இல்லை, புள்ள. பதினோரு வருஷம் வெளுத்தேன். ஆனா நான் அந்த வீட்டுல ஒரு கோப்பை உடைச்சதில்லை. ஒரு தட்டு கீறினதில்லை. அந்த முட்பூ இருக்கே, அதை வச்சதே நான்தான் தெரியுமா? பிரபுவோட ரெண்டு நாய், எப்பப் பார்த்தாலும் பட்டு மேல ஏறிப் படுக்கும். வரப்புல இருந்து ஒடிச்சிட்டு வந்து வச்சேன். ஒரே நாள். அப்புறம் அந்தப் பக்கமே வரலை. நாய்க்கு வச்சதுதான் மனுஷங்களுக்கும் ஆச்சு. அந்த அறையை அப்படிப் பார்த்துக்கிட்டவளை, பட்டு மேல கரித்தொட்டி வச்சவள்னு..." வாக்கியத்தை முடிக்கவில்லை. "தூசி தட்டப் போனவள் அன்னிக்குக் கடைசி நாற்காலியை முடிக்கலை. உங்கப்பன் வந்துட்டாரு. அப்புறம் உள்ளயே விடலை. பதினொண்ணுதான் தட்டியிருந்தேன்."

பெரில் கேட்டாள்: "உங்களுக்கு நான் என்ன செய்யட்டும்மா?"

"ஒண்ணும் வேணாம். கேக் கொண்டாந்துட்ட. போதும்." அவள் பொதியைப் பிரித்து முகர்ந்து பார்த்தாள். "முட்டை கொஞ்சம் கம்மி."

*

திங்கட்கிழமை மெல்வுட் மூடியிருக்கும். சுத்தம் செய்கிறவர்கள் மட்டும் ஒன்பதரைக்கு வருவார்கள். பெரில் எட்டு மணிக்கே டாக்சியில் ஆனிஸ் பெல்லை அழைத்துவந்தாள். ஃப்ரேயா சாவியைக் கொடுத்துவிட்டு, எனக்கு ஒரு மணி நேரம் கணக்கு வேலை இருக்கிறது, இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று சொல்லிப் போனாள். முன்பெல்லாம் கரி தூக்கிய மின்தூக்கியில் இப்போது சக்கர நாற்காலி ஏறும். ஆனிஸ் ஏற மறுத்தாள். கைத்தடியைப் பிடித்துக்கொண்டு நாற்பத்திரண்டு படியையும், ஐந்து இடத்தில் நின்று, ஏறினாள். பெரில் ஒரு படி பின்னால், கையை நீட்டியபடி, தொடாமல் வந்தாள்.

மஞ்சள் அறையில் திரைச்சீலைகள் பாதி இறங்கியிருந்தன. காலை வெயில் தரையில் ஒரு கோடாகக் கிடந்தது. ஆனிஸ் வாசலில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"கண்ணாடியில கோடு தெரியுது. யார் துடைச்சது?"

"டெஸ்மண்ட்."

"தபால்காரனா? அதான்."

சன்னலோர நாற்காலியின் முன் வந்து நின்றாள். முட்பூவை எடுத்தாள். எந்த யோசனையும் இல்லாமல் கை அதைக் கம்பளிச் சட்டையின் பையில் போட்டுக்கொண்டது. கறையை வெகுநேரம் பார்த்தாள்.

பெரில் தூரிகையை நீட்டினாள். குதிரைக்குட்டி மயிர்த் தூரிகை. அவளுடையதே. பன்னிரண்டு வருஷமாக வேறு யார் கைக்கும் கொடுக்காதது.

"பன்னிரண்டாவது பாக்கி இருக்குன்னீங்களே."

ஆனிஸ் தூரிகையை வாங்கி மயிரைப் புறங்கையில் தடவிப் பார்த்தாள். நல்ல தூரிகை என்று சொல்லவில்லை. கேக்குக்குச் சொன்ன மாதிரி குறையும் சொல்லவில்லை. நாற்காலியின் மரத்தில் செதுக்கிய இலைகளின் மேல் தூரிகையை வைத்தாள். அதுவரை லேசாக ஆடிக்கொண்டிருந்த கை நின்றது.

பெரில் மெதுவாகச் சொன்னாள்: "முடிச்சிட்டு, உட்காருங்கம்மா."

"நானா? இதுலயா?" ஆனிஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் வேலை பார்க்க வந்தவ. நீ போய்க் கதவுகிட்ட நில்லு. வேலை பார்க்கும்போது யாரும் பார்த்துக்கிட்டு நின்னா எனக்கு ஆகாது."

பெரில் கதவருகே போய், அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நீண்ட கூடம் காலியாகக் கிடந்தது. கீழே எங்கோ கடிகாரம் ஒன்று ஓடும் சத்தம். பின்னால் தூரிகையின் சரசரப்பு. மேலிருந்து கீழே, பிறகு குறுக்கே, இடுக்குகளில் சின்னச் சின்னதாக. அவசரமே இல்லை. அவள் அப்பாவை நினைத்தாள். ஏப்ரன் போட்ட ஒரு முதுகை நினைத்தாள். அந்த முதுகு அன்றைக்கு எவ்வளவு பெரிதாக, ஒரு கதவையே அடைத்துக்கொண்டு நின்றது. தன் முதுகும் அவ்வளவு பெரிதாக இருக்கட்டும் என்று ஜெபித்துக்கொண்டாள்.

சரசரப்பு நின்றது. பிறகு பழைய மரம் ஒன்று மிக மெல்ல, ஒரு குருவி வந்து அமர்ந்த அளவுக்கு, முனகியது.

பெரில் திரும்பவில்லை. வெயில் கோடு கூடத்தின் தரையில் ஒரு பலகையைக் கடந்து அடுத்த பலகைக்குப் போகும்வரை நின்றாள்.

"ஆச்சு, புள்ள" என்று குரல் வந்தது.

அவள் திரும்பியபோது ஆனிஸ் பெல் கைத்தடியை ஊன்றி நாற்காலிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றிருந்தாள். முட்பூ பழைய இடத்தில், கறைக்கு நடுவில், நேராக இருந்தது. தூரிகையின் மயிர் ஒரே பக்கமாகச் சீவி அடுக்கியிருந்தது.

"என்ன பார்க்கிற?" என்றாள் ஆனிஸ்.

"நான் ஒண்ணும் பார்க்கலைம்மா" என்றாள் பெரில்.